பலமா, பாரமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"எதிர்பாராத துணை வேட்பாளர், அமெரிக்க மூன்றாவது அணிக்குப் பலமா, பாரமா?" என்பது தலைப்பு. பாரமே என்று சொல்ல வந்திருக்கிறேன். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளுக்கு வெளியே நிற்பதுதான் மூன்றாவது அணி.

எதிரணிச் சகோதரி 1972ஐச் சொன்னார். லிபர்டேரியன் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் டோனி நேதன், தேர்வாளர் வாக்கு, அதாவது அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் வாக்கு, பெற்ற முதல் பெண். நானும் கை தட்டினேன். ஆனால் அந்த ஒரு வாக்கு, வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சித் தேர்வாளர் ஒருவர் அணி மாறிப் போட்டது. நாடு முழுவதும் மக்கள் அந்த அணிக்குப் போட்ட ஓட்டு நாலாயிரம்கூட இல்லையே அம்மா!

இப்போது 1968க்கு வாருங்கள். மூன்றாவது அணியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் செப்டம்பர் கடைசியில் கருத்துக்கணிப்பில் 21 சதவீதத்தில் நிற்கிறார். அக்டோபர் 3, பிட்ஸ்பர்க். ஓய்வுபெற்ற விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமேயைத் துணை வேட்பாளராக மேடையேற்றுகிறார். நிருபர்கள் அணுகுண்டைப் பற்றிக் கேட்கிறார்கள். தளபதி என்ன சொன்னார் தெரியுமா? அணுகுண்டு சோதனை நடந்த பிகினித் தீவில் மீன்கள் திரும்பிவிட்டன, தென்னை காய்க்கிறது, எலிகள் முன்பைவிடக் கொழுத்திருக்கின்றன என்று விளக்கினார். வாலஸ் பதறிப்போய்க் குறுக்கே வந்து சமாளிக்கப் பார்த்தார். தேர்தலில் கிடைத்தது 13.5 சதவீதம். தொழிற்சங்கங்களின் எதிர்ப்பிரசாரமும் அதற்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எலிக்கதையைத் தளபதியின் வாயில் போட்டது எந்தச் சங்கம்?

பெரிய கட்சிக்கு ஊர் ஊராகக் கிளை உண்டு, பரம்பரை ஓட்டு உண்டு. 1988இல் குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்குத் துணை வேட்பாளரான டான் குவேல் எவ்வளவு கேலிக்கு ஆளானார்! புஷ் ஜெயிக்கவில்லையா? மூன்றாவது அணிக்கு இருப்பது வேட்பாளரின் முகம் ஒன்றுதான். இவர் ஆட்சிக்கு வந்தால் யாரை எங்கே உட்காரவைப்பார் என்பதற்கு ஓட்டுப்போடுகிறவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி, அந்தத் துணை வேட்பாளர்.

அய்யா, எனக்கு மனம் ஆறாத கதை 1992. சுயேச்சை அதிபர் வேட்பாளர் ராஸ் பெரோவுக்கு வாக்குச்சீட்டில் இடம் பிடிக்கச் சில மாநிலங்களில் துணை வேட்பாளர் பெயர் தேவைப்பட்டது. ஒப்புக்கு நண்பர் ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் பெயரைக் கொடுத்தார், பிறகு மாற்றவே இல்லை. பெரோ 19 சதவீதம் வாங்கினாரே என்கிறது எதிரணி. வாங்கினார். ஜூனில் முதலிடத்தில் இருந்தவர் அவர், நடுவில் தானே விலகியும் கெடுத்துக்கொண்டார். ஆனால் அக்டோபர் 13, அட்லாண்டாவைப் பாருங்கள். துணை வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம் இருக்கிறது என்று ஸ்டாக்டேலுக்குத் தெரிந்ததே ஒரு வாரம் முன்புதான். "நான் யார்? ஏன் இங்கே இருக்கிறேன்?" என்று தொடங்கினார். அவை சிரித்தது. பிறகு, காதுக் கருவியை இயக்கி வைக்கவில்லை, கேள்வியை மறுபடி சொல்லுங்கள் என்றார். மறுநாள் நாடே சிரித்தது.

அவர் யார்? வியட்நாமில் ஏழரை ஆண்டு சிறையிருந்தவர். எதிரியின் பிரசாரப் படத்துக்குத் தன் முகம் பயன்படக் கூடாதென்று, முக்காலியை எடுத்துத் தன் முகத்தையே அடித்துச் சிதைத்துக்கொண்டவர். நடுவர் அவர்களே, அந்த முகத்தைக் கோடிப் பேர் கேலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவர் அவருடைய நண்பர்.