தர்பூசணிப் பிஞ்சு ஏன் வெம்பி உதிர்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். மாசி பிறந்தால் சேலத்துச் சாலையோரமெல்லாம் தர்பூசணி குவிந்துவிடும். ஒவ்வொன்றும் ஏழெட்டுக் கிலோ. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு அது எதற்கு? பாதி சாப்பிட்டு மீதியை ஃபிரிட்ஜில் திணிப்பதா? மூன்று நான்கு கிலோவில் நின்றுவிடும் சுகர் பேபி ரகத்தை வீட்டிலேயே போடலாம். கரும்பச்சைத் தோல், உருண்டைக் காய்.

சமவெளியில் இருப்பவர்கள் தையில் விதையுங்கள். ஏற்காட்டுக்காரர்களுக்குத் தை ஆகாது. ராத்திரிக் குளிரில் விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். மாசிக் கடைசி வரை பொறுங்கள். சில்வர் ஓக் மர நிழலும் வேண்டாம். நிழலில் கொடி ஓடும், காய் நிற்காது.

குழி எல்லாப் பக்கமும் ஒரு அடி. மேல்மண்ணோடு ஐந்து கிலோ மட்கிய தொழுவுரம், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. குழிக்குக் குழி மூன்றடி, கொடி ஓட ஆறடி. மொட்டை மாடியென்றால் ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள பை. பைக்கு ஒரே செடி. விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, ஒரு அங்குல ஆழத்துக்குள் மூன்று ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் நல்ல ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

இனி பூ. எல்லோரும் கேட்பது, "பிஞ்சு வருதுங்க, கோலிக்குண்டு அளவில் வெம்பி உதிர்ந்திடுதுங்க." உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் யூரியா வைப்பார்கள். கொடிதான் கொழுக்கும். பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை, மகரந்தம் சேராததில் இருக்கிறது.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அது உதிர்வதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பெண் பூ வரும்; அடியில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம். அது ஒரே நாள் பூ. காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். தேனீ வராத மாடியில் அந்த வேலை நம்முடையது. காலை ஒன்பதுக்குள் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் முனையில் தடவுங்கள். அந்த முனை மூன்று பிரிவாக இருக்கும். மூன்றிலும் படவேண்டும், ஒரு பக்கம் விட்டால் காய் அந்தப் பக்கம் கோணிவிடும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ எடுத்தாலும் தப்பில்லை. மறுபடியும் சொல்கிறேன்: ஒன்பது மணிக்குள். தடவிய பூவுக்கு ஒரு நூல் கட்டித் தேதியைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும். மருந்து எதுவானாலும் சாயங்காலம்தான். காலையில் அடித்தால் வருகிற ஒன்றிரண்டு தேனீயும் போய்விடும்.

பக்கத்தில் பூசணிக்கொடி இருந்தால் தர்பூசணி சப்பென்று ஆகும் என்பார்கள். ஆகாது. அந்த மகரந்தம் இதில் சேரவே சேராது. சப்பென்று இருப்பது கடைசி வாரத்துத் தண்ணீரால்.

வேரை ஒட்டி வரும் முதல் பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள், சிறுத்துப்போகும். எட்டுப் பத்து இலைக்கு அப்பால் வருவதில் இரண்டை விடுங்கள். பையில் ஒன்று போதும். பந்தலில் ஏற்றினால் பழைய வேட்டித் துணியில் தூளி கட்டித் தாங்குங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். தண்ணீர் சீராக வேண்டும். காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் காய் வெடிக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு குறையுங்கள். நூல் கட்டி முப்பது, முப்பத்தைந்து நாளில் காம்புக்கு எதிரில் கொடியிலுள்ள கம்பி போன்ற பற்றுச்சுருள் காயும், தரையில் பட்ட இடம் வெள்ளை மாறி மஞ்சளாகும். இரண்டும் சேர்ந்தால் பறிக்கலாம். பறித்தபின் இது பழுக்காது. பழ ஈக்கு ஒரே வார்த்தை: துளை விழுந்த காயைச் செடியடியில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். வணக்கம்.