குற்றவாளிக் கூண்டில் ரசிகர்

நடுவர் அவர்களுக்கும், ஞாயிறு மாலையை எங்களுக்கு ஒதுக்கி வந்திருக்கும் பினாங்குத் தமிழ் மக்களுக்கும் வணக்கம். திரைக்கலைஞரின் துயர வாழ்வை உள்ளபடி காட்டுவது நேரான கதைப்படமா, வழக்கமான கதைசொல்லலை உடைத்துப் பார்க்கும் சோதனைப் படமா என்பது தலைப்பு. சோதனைப் படமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2018இல் வந்த நடிகையர் திலகத்தைச் சொன்னார். சாவித்திரி அம்மையாரின் கதையைப் பார்த்து அரங்கமே அழுதது என்றார். நானும்தான் அழுதேன், ஐயா. கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. அழுது முடித்ததும் என்ன செய்தோம்? கணவரைத் திட்டினோம், மதுவைத் திட்டினோம், கூட இருந்தே சுரண்டியவர்களைத் திட்டினோம். நேரான கதைக்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு குற்றவாளி வேண்டும். இரண்டும் கிடைத்துவிட்டால் ரசிகர் நிம்மதியாக வீடு திரும்பலாம். அவரை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் 2006இல் தந்த 'இன்லேண்ட் எம்பயர்' என்ற சோதனைப் படம் அவரைக் கூண்டில் ஏற்றுகிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, மூன்று மணி நேரம் வேறு என்று எதிரணித் தம்பி கேலி செய்தார். கேலியில் நியாயம் இருக்கிறது. முழுத் திரைக்கதை இல்லாமல், காட்சி காட்சியாக எழுதிக்கொண்டே சிறிய டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுத்த படம் அது. முகங்கள் கிட்டத்தில் வந்து கோணலாகத் தெரியும். நட்சத்திரத்தை அழகுபடுத்தும் பளபளப்பு எதுவும் கிடையாது. லாரா டெர்ன் நடிக்கும் நிக்கி ஒரு நடிகை. அவளுக்குக் கிடைக்கும் புதிய வாய்ப்போ, முன்பு நாயகனும் நாயகியும் கொல்லப்பட்டதால் பாதியில் நின்றுபோன படத்தின் கதை. நடிக்க நடிக்க, தான் யார், தான் ஏற்ற பாத்திரம் யார் என்பது அவளுக்கே குழம்பிவிடுகிறது. அவளுக்கே புரியாதது, நாற்காலியில் சாய்ந்திருக்கும் எனக்கு மட்டும் ஏன் புரிய வேண்டும்?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஸ்குரூடிரைவரால் வயிற்றில் குத்துப்பட்டு, ஹாலிவுட்டின் நட்சத்திரங்கள் பதித்த நடைபாதையில் அவள் விழுகிறாள். பக்கத்தில் வீடற்ற சிலர். அவள் உயிர் போய்க்கொண்டிருக்க, போமோனா என்ற ஊருக்கு பஸ் உண்டா இல்லையா என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவள் இறக்கிறாள். கேமரா பின்னால் நகர்ந்தால் அங்கே இன்னொரு கேமரா! எல்லாம் படப்பிடிப்பு. மற்றவர்கள் எழுந்து போகிறார்கள், இயக்குநர் பாராட்டுகிறார். அவளோ எதுவும் காதில் விழாதவளாய் நடந்து போகிறாள். ஒரு திரையரங்குக்குள் நுழைகிறாள். திரையில் ஓடுவதும் அவளேதான். 'கட்' என்ற பிறகும் வெளியே வர முடியாத இந்த நிலையை எந்த வாழ்க்கை வரலாற்றுப் படம் காட்டியது, நடுவர் அவர்களே?

அதே படத்தில் முயல் தலை மாட்டிய மூவர் ஓர் அறையில் இருக்கிறார்கள். யாரும் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. ஆனால் பின்னணியில் கூட்டம் சிரிக்கிறது. நம் வீட்டுத் தொலைக்காட்சியிலும் இந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறோம், அங்கே நமக்குப் பயம் வரவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பெண் தொலைக்காட்சியைப் பார்த்து அழுதுகொண்டே இருக்கிறாள். அவள் யார்? என் கருத்தில், அது நாம்தான்.

இந்த ஊர்ப் பிள்ளை, மலாய்த் திரையுலகின் நடிகரும் இயக்குநருமான பி. ராம்லிக்கு வருகிறேன். 1929இல் பினாங்கில் பிறந்து, சிங்கப்பூரில் கொடிகட்டிப் பறந்து, 1964இல் கோலாலம்பூருக்குப் போனார். அங்கே எடுத்த படங்களுக்குப் பழைய வரவேற்பு இல்லை. 1973இல், 44 வயதில், மாரடைப்பால் இறந்தார். 1990இல்தான் மலேசியாவின் உயரிய 'டான் ஸ்ரீ' பட்டம் வந்தது. தலைநகரில் ஒரு சாலைக்கே இன்று அவர் பெயர். நேரான கதைப்படம் எங்கே முடியும்? பட்டம் வழங்கும் காட்சியில். நாமும் கைதட்டிவிட்டு எழுந்து போவோம்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். இடையில் கிடக்கும் அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் படத்துக்கு டிக்கெட் வாங்காமல் விலகிப் போன ரசிகரை, உங்கள் கதையில் எந்தக் காட்சியில் கொண்டுவந்து நிறுத்துவீர்கள்?