ஏணி எட்டாத மாடிகள்

வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.

தீத்தொண்டு வாரத்துக்குப் பேச வேண்டும் என்று உங்கள் ஆசிரியர்கள் கூப்பிட்டார்கள். தீயணைப்பானின் பின்னை எப்படி இழுப்பது, சிலிண்டரில் தீப்பிடித்தால் ஈரச்சாக்கை எப்படிப் போடுவது, இதையெல்லாம் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் நாளைக்கு மைதானத்திலேயே செய்து காட்டுவார்கள். நான் ஒரே ஒரு ராத்திரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நீங்கள் படிப்பை முடித்து ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கள். ஓட்டல் என்று நான் சாப்பாட்டுக் கடையைச் சொல்லவில்லை, ஊர் பேர் தெரியாத ஆட்கள் நம்மை நம்பி வந்து படுத்துத் தூங்குகிற இடத்தைச் சொல்கிறேன்.

1946 டிசம்பர் 7, சனிக்கிழமை விடிகாலை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரம், பீச்ட்ரீ தெரு. அங்கே வைன்காஃப் என்று ஒரு 15 மாடி ஓட்டல். கிறிஸ்துமஸுக்குத் துணிமணி வாங்க வந்தவர்கள், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் நடந்த மாணவர் கூட்டத்துக்கு வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் என்று சுமார் 300 பேர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். 1913-ல் திறந்த அந்த ஓட்டலின் கடிதத்தாளிலேயே "முற்றிலும் தீப்பிடிக்காதது" என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எஃகுச் சட்டத்தில் எழுப்பிய கட்டடம், அன்றைக்கு அவ்வளவு எரிந்தும் விழாமல் நின்றது. ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று பாருங்கள். நடைபாதையில் கம்பளம், சுவரில் பாதி உயரத்துக்குச் சாக்குத் துணி ஒட்டி அதன்மேல் பெயின்ட், மரக்கதவு, ஒவ்வொரு கதவுக்கு மேலும் காற்றுக்காகத் திறந்து வைத்த வென்டிலேட்டர். தானாக அடிக்கும் எச்சரிக்கை மணி கிடையாது. தானாகத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. வெளிச்சுவரில் இறங்க இரும்புப் படிக்கட்டு கிடையாது.

இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. மனை 5,000 சதுர அடிக்குக் கீழே இருந்தால் ஒன்று போதும் என்று கட்டின காலத்து நகர விதி அனுமதித்தது. அந்த ஒன்றும் லிஃப்டைச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது, எந்த மாடியிலும் அதற்கும் நடைபாதைக்கும் நடுவே கதவு இல்லை. செங்கல் சூளையின் புகைக்கூண்டு எப்படி வேலை செய்யும் என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை அந்தப் படிக்கட்டு செய்தது.

மூன்றாவது மாடி நடைபாதையில் ஒரு மெத்தை கிடந்தது. தீ அங்கேதான் பிடித்திருக்க வேண்டும். யாரோ போட்ட சிகரெட் என்று அதிகாரிகள் சொன்னார்கள், யாரோ வேண்டுமென்றே வைத்தது என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எதுவானாலும் சரி, தீ படிக்கட்டைப் பிடித்த பிறகு மேலே இருந்தவர்களுக்கு இறங்க வழி இல்லை. 3:42-க்கு இரவு மேலாளர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். அப்புறம் அறை அறையாகப் போன் அடித்து எழுப்பப் பார்த்தார்.

எந்தத் தீவிபத்துக்கும் நாம் முதலில் சொல்வது, வண்டி சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது. இங்கே வண்டி சீக்கிரம் வந்தது. நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான், ஓரிரு நிமிடத்தில் முதல் வண்டி வாசலில் நின்றுவிட்டது. வந்தவர்கள் ஏணியை நிமிர்த்தினார்கள். அது பாதி உயரத்துக்குத்தான் போனது. அதற்கு மேலே ஜன்னல் ஜன்னலாக ஆட்கள், படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. ஏணியின் கடைசிப் படியில் நிற்கிற தீயணைப்பு வீரருக்கு அவர்கள் முகம் தெரிகிறது, கை எட்டவில்லை. கீழே வலையை விரித்துப் பிடித்தார்கள், அவ்வளவு உயரத்திலிருந்து குதிக்கிறவர்களை அது தாங்குமா? ஏணியில் ஆளைத் தாங்கி இறக்கிக்கொண்டிருந்த வீரர்கள்மேல் மேலிருந்து விழுந்தவர்கள் மோதினார்கள். 

கட்டடத்துக்குப் பின்புறம் 10 அடி அகலத்தில் ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடம். வீரர்கள் அதன் மாடிகளுக்கு ஓடி, ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்கு ஏணியைப் படுக்கவைத்தார்கள். 10 அடி என்பது இந்த மேடையின் அகலம்கூட இல்லை. அந்த ஏணிமேல், இருட்டில், புகையில், கீழே பல மாடிப் பள்ளம் இருக்க, இரவு உடுப்போடு ஆட்கள் முட்டிபோட்டுத் தவழ்ந்து வந்தார்கள். அந்த ராத்திரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்த ஏணிதான். அதன் முனையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு கை வை, இன்னும் ஒரு கை என்று யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்.

நகரத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் 380-க்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள். விடிவதற்குள் தீ அடங்கிவிட்டது. இறந்தவர்கள் 119 பேர். அதில் 32 பேர் குதித்தோ விழுந்தோ இறந்தவர்கள். மாணவர் கூட்டத்துக்கு வந்து தங்கியிருந்த 40 பேரில் 30 பேர் போய்விட்டார்கள். ஓட்டலுக்குத் தன் பெயரை வைத்த வைன்காஃப், அவர் மனைவி, இரண்டு பேரும் அங்கேயே குடியிருந்தவர்கள், அவர்களும் போய்விட்டார்கள். தான் தூங்குகிற கட்டடம் பத்திரமானது என்று அந்த மனிதர் மனசார நம்பியிருக்கிறார்.

ஆர்னால்ட் ஹார்டி என்ற கல்லூரி மாணவர் தன்னிடம் மிச்சமிருந்த கடைசி ஃபிளாஷ் பல்பை வைத்து, விழுந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் படம் எடுத்தார். 1947-ல் அதற்குப் புலிட்சர் பரிசு, அமெரிக்காவில் பத்திரிகைத் துறைக்குக் கொடுக்கிற பெரிய பரிசு, கிடைத்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வேறு யார் பிழைத்தார்கள்? கதவையும் வென்டிலேட்டரையும் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, மெத்தையைக் கதவோடு சாய்த்து வைத்து, ஏணி வரும்வரை தாக்குப்பிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மரக்கதவு கொடுத்த நேரத்தில்தான் வீரர்களால் ஆளைத் தூக்க முடிந்தது. அமெரிக்காவில் அந்த வருடம் ஓட்டல் தீயில் இறந்தவர்கள் இவர்கள் மட்டுமில்லை: ஜூனில் சிகாகோவின் லா சால் ஓட்டலில் 61 பேர், சில நாளில் டுபூக் நகரத்துக் கேன்ஃபீல்ட் ஓட்டலில் 19 பேர், டிசம்பரில் இது. 1947-ல் அதிபர் ட்ரூமன் தீத்தடுப்புக்காகவே ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டினார். பல நகரங்கள் விதிகளைக் கடுமையாக்கின.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். சில வருடத்துக்கு முன்னால் ஒரு லாட்ஜில் தங்கினேன், பெயர் வேண்டாம். அறைக்குப் போனதும் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று பார்ப்பது என் பழக்கம். பார்த்தேன், கதவுக்குப் பூட்டு, கதவுக்கு முன்னால் எக்ஸ்ட்ரா மெத்தைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். ரூம் பாயிடம் ஏன் தம்பி என்று கேட்டேன். "பணம் கட்டாம பின்பக்கமா இறங்கிப் போயிடுறாங்க சார்" என்றான். சாவி எங்கே? முதலாளியிடம். முதலாளி எங்கே? வீட்டில். பாவம், அந்தப் பையனும் அந்த மாடியில்தான் பாய் விரித்துப் படுக்கிறான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யூனிஃபார்ம் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கதவைப் போய்த் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் கேளுங்கள், திட்டினாலும் கேளுங்கள். ராத்திரி மூன்றரை மணிக்கு வருகிற தீயணைப்பு வீரர் உயிரைக் கொடுப்பார், ஆனால் நாம் கட்டாமல் விட்ட படிக்கட்டை அவர் வண்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது.

அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. 1951-ல் வேறு பெயரில் திறந்தார்கள், 2007-லிருந்து எல்லிஸ் ஓட்டல். வாசல் பக்கம் ஒரு நினைவுப் பலகை நட்டிருக்கிறார்கள், இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் அன்றைக்குத் தீயோடு போராடிய வீரர்களுக்கும் சேர்த்து.

சரி, மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள். அந்தத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.