இருபது குதிரைச் சுமை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"உலக வரலாற்றைப் பெரிதும் மாற்றியது கடல்வழியா, தரைவழியா?" என்பது இன்றைய வழக்கு. நான் தரைவழியின் பக்கம். எனக்கு முன் கடல்வழிக்காகப் பேசிய எதிரணித் தோழி முசிறியைச் சொன்னார், மிளகைச் சொன்னார், பருவக்காற்றைச் சொன்னார். ஒரு கப்பலின் சரக்கைச் சுமக்க நூற்றுக்கணக்கான ஒட்டகங்கள் வேண்டும் என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கு எடையைப் பற்றியது அன்று, மாற்றத்தைப் பற்றியது.

கப்பல் ஒரு துறையில் பாய் விரித்தால் பல நாள் கழித்து இன்னொரு துறையில் நங்கூரம் போடும். இடையில் இருப்பது நீர். சீனத்தையும் மேற்கையும் இணைத்த பட்டுப்பாதையில் போன ஒட்டகக் கூட்டத்துக்கு அந்த வசதி இல்லை. இன்றைய மேற்குச் சீனத்தில் உள்ள தக்லமக்கான் பாலைவனத்தின் விளிம்பில் தூன்ஹுவாங், கூச்சா, கோட்டான் என்று ஊர் ஊராகத் தங்கித்தான் போயாக வேண்டும். தண்ணீருக்காக நின்றவன் பேச்சுக் கொடுத்தான், மொழி கற்றான், பெண் எடுத்தான். நான்காம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து மலை கடந்து போன ஒருவர் கூச்சா அரச குலத்தில் மணம் செய்தார். அவர்கள் பிள்ளை குமாரஜீவர். 401இல் சீனத்தின் சாங்கான் நகரம் சேர்ந்து, பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தார். அவர் தந்த தாமரைச் சூத்திரத்தைக் கிழக்காசியா இன்றும் ஓதுகிறது. அந்த ஒரு திருமணத்தை எந்தச் சரக்குப் பட்டியலில் எழுதுவது?

1907இல் தூன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு பாழடைந்த காவல் கோபுரத்தில் தொல்லியலாளர் ஆரல் ஸ்டெயின் ஒரு கடிதக் கட்டைக் கண்டெடுத்தார். மத்திய ஆசியாவின் சமர்கந்து பக்கத்து மக்களான சோக்தியர்கள் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி, போய்ச் சேராமலே கிடந்தவை. அவற்றில் மிவ்னாய் என்ற பெண்ணின் கடிதம் இருக்கிறது. கணவன் அவளையும் மகளையும் தூன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். கையில் காசில்லை, கூட்டிப்போக ஆளில்லை. உனக்கு மனைவியாவதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாகியிருக்கலாம் என்று எழுதுகிறாள். முதன்முறை படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. பட்டுப்பாதை என்று பளபளப்பாகப் பெயர் வைத்துவிட்டோம். அதில் மிவ்னாயின் கண்ணீரும் உண்டு.

அவள் எழுதியது எதில் தெரியுமா? காகிதத்தில்! ஐரோப்பா தோலிலும் பாப்பிரஸிலும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காகிதத்தைச் செய்யும் வித்தை இதே சாலையில் மேற்கே நடந்தது. எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்தில் காகிதப் பட்டறைகள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பாக்தாதிலும். தோல் விலை கொடுத்து வாங்க முடியாதவனும் இனி நூல் படி எடுக்கலாம். கிரேக்க மருத்துவமும் இந்தியக் கணிதமும் அரபு மொழியில் பெருகியது அந்த மலிவால்தான். பின்னாளில் குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியத்தின் பெரும்பாலான படிகளும் காகிதத்தில்தான் இருந்தன.

தோழி நம் கடற்கரையைச் சொன்னார். நம் காஞ்சிபுரத்தைச் சொல்கிறேன். பல்லவர் காலத்தில் அங்கே வந்து நின்ற சீனத் துறவி யுவான் சுவாங், பாலையும் பனிமலையும் நடந்து கடந்தவர். ஊர் திரும்பும் வழியில் சிந்து நதியைக் கடந்தபோது படகு ஆடியது; ஐம்பது சுவடிகள் நீரோடு போயின. அதோடு சோர்ந்துவிடவில்லை. பாமீர் மலையேறி, கோட்டான் வழியாக, 645இல் சாங்கானுக்குள் நுழைந்தார். எஞ்சிய ஆயுளை மொழிபெயர்ப்பிலேயே கழித்தார்.

தோழி எடை கேட்டார் அல்லவா? சொல்லிவிடுகிறேன். அன்று அவர் கொண்டு சேர்த்தவை 657 நூல்கள். இருபது குதிரைச் சுமை.

நடுவர் அவர்களே, தீர்ப்பு தங்களுடையது. வணக்கம்.