இரண்டாவது கண்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

ஊர்ப் பெருமையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். நான் தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். சுலோசன முதலியார் தம் கைக்காசைப் போட்டுக் கட்டி 1843-இல் திறந்த பாலத்தைக் கடந்துதான் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பாலத்தின் அருமை தெரிந்த ஊர்க்காரி என்பதாலோ என்னவோ, பிழைப்புக்காகப் போன இடத்திலும் ஒரு பாலம்தான் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று அந்தப் பாலத்தையும் அதைத் தம்முடையது என்று கொண்டாடுகிற ஊராரையும் பற்றிப் பேசப் போகிறேன்.

ஊரின் பெயர் சட்டனூகா. அமெரிக்காவின் தென்பகுதியில், டென்னசி மாநிலத்தில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 1,80,000. டென்னசி ஆறு அங்கே பெரிய வளைவாகத் திரும்புகிறது. வளைவுக்கு எதிரே லுக்அவுட் மலை நிற்கிறது. என் கணவரின் வேலை காரணமாக ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தோம்.

குடிபோன முதல் நாளே பக்கத்து வீட்டுப் பெரியம்மா கதவைத் தட்டினார். ஆப்பிரிக்க அமெரிக்கர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பிறந்தது முதல் அந்த ஊரை விட்டுப் போகாதவர். கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். பீச் பழத்துண்டுகளின் மேல் மாவைப் பரப்பிச் சுட்டு எடுத்த பண்டம், இன்னும் சூடாக இருந்தது. மறுநாள் அந்தப் பாத்திரத்தில் முறுக்கு வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்று உங்கள் ஊரிலும் சொல்வார்களா, ஹனி?" என்றார். அன்று தொடங்கிய பழக்கம். மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணை ஊஞ்சலில்தான் எங்கள் பேச்செல்லாம். தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும் கையசைப்பார். அவர்களும் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். பெரியவர்களிடம் பேசினால் வாக்கியத்துக்கு ஒரு 'மேம்' சேர்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். என் மகன் ஒரே மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டான்.

ஊர்ப் பெருமை பேசுவதில் அவரை மிஞ்ச முடியாது. கோகோ கோலாவைப் புட்டியில் அடைத்து விற்கலாம் என்று உரிமை வாங்கி, 1899-இல் அதற்கு ஆலை வைத்தது எங்கள் ஊர்க்காரர்கள் என்பார். 'புளூஸ்' பாட்டரசி பெஸ்ஸி ஸ்மித் பிறந்த மண் என்பார். 1931-இல் ஜாக்கி மிட்செல் என்ற பதினேழு வயதுப் பெண், எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்காகப் பந்து வீசி, அந்நாளில் நாடே கொண்டாடிய ஆட்டக்காரர்களான பேப் ரூத்தையும் லூ கெரிக்கையும் அடுத்தடுத்து வெளியேற்றினாள் என்று, நேற்று நேரில் பார்த்தவர் போலச் சொல்வார். 1960-இல் ஹோவர்ட் பள்ளியின் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறிய கடைகளில் போய் உட்கார்ந்து போராடியதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும்.

ஊரின் குறையையும் மறைக்க மாட்டார். ரயிலாலும் இரும்பாலும் வளர்ந்த ஊர் அது. வார்ப்பட ஆலைகளின் புகை, மலைகளுக்கு நடுவே உள்ள அந்தப் பள்ளத்தை விட்டு வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்குமாம். பகலிலேயே காரில் விளக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்த நாட்கள் உண்டு. "துணி காயப்போடும் முன்பு கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அது என் வேலை. துடைத்த துணியைப் பிழிந்தால் மை போல வடியும்" என்று கையை முறுக்கிக் காட்டுவார். மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் வாஷிங்டனில் பேசியபோது, சுதந்திர மணி ஒலிக்க வேண்டிய இடங்களில் ஒன்றாக டென்னசியின் லுக்அவுட் மலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். "அன்றைக்கு நாங்கள் வாசலுக்கு ஓடி மலையைப் பார்த்தோம். புகைதான் தெரிந்தது" என்றார் பெரியம்மா. 1969-இல், நாட்டிலேயே மிகவும் அழுக்கான காற்று சட்டனூகாவில் என்று தொலைக்காட்சிச் செய்தியில் வால்டர் கிராங்கைட் அறிவித்தார். நாடே கேட்டது. பிறகு ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின, வேலை போனது, நகர நடுவில் கடைகள் பூட்டிக் கிடந்தன.

ஊர் நிமிர்ந்தது எப்படி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். என்னைக் கவர்ந்தது ஒரு செய்தி. 1984-இல், 'இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும்?' என்று பொதுமக்களையே கூப்பிட்டுக் கேட்டார்கள். ஏறத்தாழ 1,700 பேர் பள்ளிக்கூடங்களிலும் கூடங்களிலும் வாராவாரம் உட்கார்ந்து பேசினார்கள். பேசிப் பேசி நாற்பது இலக்குகள் எழுதினார்கள். ஆற்றங்கரையை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. அப்படித்தான் 1992-இல், பெரும்பாலும் நன்கொடைப் பணத்தில், நன்னீர் மீன் காட்சியகம் கரையில் எழுந்தது. கடலே இல்லாத ஊரில் மீன் காட்சியகமா என்று கேட்டவர்கள் இருந்தார்களாம். ஒரு மழைத்துளி மலையில் விழுந்து ஓடையாகி ஆறாகிக் கடல் சேரும் வழியில் வாழ்கிற உயிர்களையெல்லாம் அங்கே வரிசையாகப் பார்க்கலாம். தம் ஆற்றையே காட்சியாக வைத்தார்கள்.

இனி அந்தப் பாலத்துக்கு வருகிறேன். வால்நட் தெருப் பாலம் 1891-இல் திறந்தது. ஆற்றின் இரு கரைகளிலும் பிரிந்து கிடந்த ஊரை ஒன்றாக்கிய இரும்புப் பாலம். துரு ஏறி ஆட்டம் கண்டதால் 1978-இல் வண்டிகளுக்கு மூடினார்கள். இடித்துவிடுவது என்று முடிவாகி, இடிப்பதற்குப் பணமும் ஒதுக்கியாயிற்று. ஊரார் விடவில்லை. இடிப்பதற்கு வந்த பணத்தைச் செப்பனிடுவதற்குத் திருப்பிவிடப் போராடினார்கள். போதாததற்கு வசூலும் செய்தார்கள். 1993-இல் அது நடப்பவர்களுக்கு மட்டுமான பாலமாகத் திறந்தது. 2,376 அடி நீளம். நீல வண்ண இரும்புக் கட்டுமானம், காலுக்கடியில் மரப்பலகை. சைக்கிள் போனால் பலகைகள் வரிசையாகத் தடதடக்கும். கண்ணை மூடிக்கொண்டால் ரயில் வருகிறது என்று தோன்றும். மாலையில் ஊரே அதன் மேல் இருக்கும். குழந்தை வண்டியைத் தள்ளுகிறவர்கள், நாய்களோடு வருகிறவர்கள், கைகோத்து நடக்கிற வயதானவர்கள்.

பெரியம்மாவும் எங்களோடு வருவார். ஆனால் தென்கரையில் பாலம் தொடங்கும் இடத்திலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். "நீங்கள் போய் வாருங்கள்" என்பார். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாலத்தை 'எங்கள் பாலம்' என்று வாய் நிறையச் சொல்பவர் ஏன் ஒரு நாள்கூட அதில் நடப்பதில்லை என்று கேட்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. "என் பாட்டி சாகும்வரை இதில் கால் வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை" என்றார். பிறகு சொன்னார்.

1906-இல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர் மீது, ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்கினார் என்று வழக்குப் போட்டார்கள். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி தூக்குத் தண்டனை தந்தது. நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்ற இரண்டு கறுப்பின வழக்கறிஞர்கள் உயிரைப் பணயம் வைத்து உச்சநீதிமன்றம் வரை போனார்கள். தண்டனையை நிறுத்திவைக்க ஆணையும் வாங்கினார்கள். ஆணை வந்த அன்று இரவே, மார்ச் 19-ஆம் தேதி, ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து ஜான்சனை இழுத்து வந்து, பாலத்தின் இரண்டாவது கண்ணில், அதாவது தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட இரண்டாவது பகுதியில், தூக்கிலிட்டது. "கடவுள் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக. நான் குற்றமற்றவன்" என்பது அவர் கடைசியாகச் சொன்னது. 1893-இல் ஆல்ஃபிரட் பிளவுண்ட் என்ற இன்னொருவரையும் அதே பாலத்தில்தான் கொன்றிருந்தார்கள். வழக்கறிஞர்கள் இருவரும் ஊரை விட்டே போக நேர்ந்தது. சிறையைக் காக்கத் தவறிய ஷெரிஃப் ஷிப்பையும் வேறு சிலரையும் உச்சநீதிமன்றம் தானே விசாரித்து 1909-இல் குற்றவாளிகள் என்றது. அந்த நீதிமன்றம் தன் வரலாற்றில் நடத்திய ஒரே குற்ற விசாரணை அது. ஜான்சன் மீதான தீர்ப்பை உள்ளூர் நீதிமன்றம் ரத்து செய்தது 2000-இல். அவர் போய்த் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாலத்தைச் செப்பனிட்டபோது இந்தக் கதையைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே இல்லை. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இது எனக்குப் பெரிய குறையாகவே பட்டது. அந்த ஊராருக்கும் அப்படிப் பட்டிருக்க வேண்டும். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். புதர் மண்டிக் கிடந்த கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்தார்கள், பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் போய்ப் பேசினார்கள், நிதி திரட்டினார்கள். ஆண்டுக்கணக்காக நடந்த வேலை அது. 2021 செப்டம்பர் 19 அன்று பாலத்தின் தென்கரை முனையில் நினைவிடம் திறந்தார்கள். ஜான்சனும் அவருடைய இரண்டு வழக்கறிஞர்களும் வெண்கலத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து நிற்பது போல எனக்குத் தோன்றியது.

ஊர்ப் பெருமை என்ற சொல்லுக்கு எனக்கு அங்கேதான் பொருள் விளங்கியது. ஊரின் நெஞ்சு போன்ற இடத்தில், எல்லோரும் மகிழ்ந்து நடக்கிற பாலத்தின் தலைமாட்டிலேயே, 'இதை எங்கள் ஊர்தான் செய்தது' என்று எழுதிவைக்க எவ்வளவு துணிவு வேண்டும்! அதே கரையில் இன்னொரு நினைவிடமும் இருக்கிறது. 1838-இல் அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டிப் படகேற்றிய துறை அது. படிகளில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். கோடையில் குழந்தைகள் அதில் காலை நனைத்து விளையாடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊர் தன் ஏழைகளையும் மறக்கவில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அங்கே மின்வாரியம் ஊருக்கே சொந்தமானது. 2010-இலேயே அது வீடுகளுக்கு ஒரு கிகாபிட் வேக இணைய இணைப்புக் கொடுத்துவிட்டது. 2020-இல் தொற்று பரவிப் பள்ளிகள் மூடியபோது, ஏழை மாணவர்களின் வீடுகளுக்கு அந்த இணைப்பைக் கட்டணமே இல்லாமல் கொடுத்தார்கள். ஒருவர் இருவருக்கு அல்ல, ஏறத்தாழ 28,000 மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். என் மகனோடு படித்த ஒரு பையன் அதுவரை உணவகம் ஒன்றின் வாசலில், அம்மாவின் காருக்குள் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தான். இணைப்பு வந்த மறுநாள் தன் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து திரையில் கையசைத்தான்.

நினைவிடம் திறந்து சில நாள் கழித்து, பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். தேவாலயத்துக்குப் போகும் தொப்பியும் உடையும் அணிந்திருந்தார். சிலைகளின் முன்னே வெகுநேரம் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் கால் வைத்தார். மெல்ல நடந்தோம். முதல் கண் முடிந்து இரண்டாவது கண் வந்ததும் நின்று, கையுறையைக் கழற்றி, நீல இரும்பை வெறுங்கையால் தொட்டார். அவர் உதடுகள் அசைந்தன. சொன்னது என் காதில் விழவில்லை. பின்னாலிருந்து ஒரு சைக்கிள் தடதடத்து வந்து எங்களைக் கண்டு நின்றது. பையன் இறங்கி உருட்டிக்கொண்டே எங்களைக் கடந்து, "மாலை வணக்கம், மேம்" என்றான். பெரியம்மா அவனுக்குக் கையசைத்தார். "வா, ஹனி. அக்கரைக்கே போய்விடலாம்" என்றார்.