பதிவேட்டில் இன்னொரு கட்டம்

(கடலூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பிள்ளைகளை வாசிக்கவைக்கப் பள்ளி நூலகரும் ஆசிரியரும் எப்படிக் கைகோக்கலாம் என்று பேச வந்திருக்கிறேன். சிதம்பரம் தாண்டினால் சீர்காழி. அங்கே பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளைத் தந்தார். முதல் விதி: நூல்கள் பயன்படுத்தவே. நம் பள்ளிகள் பலவற்றில் அந்த விதி பீரோச் சாவியிடம் தோற்றுப்போகிறது. சோம்பல் காரணமல்ல, புத்தகம் தொலைந்தால் இருப்புச் சரிபார்ப்பில் யார் பதில் சொல்வது என்ற பயம். கிழிந்ததையும் தொலைந்ததையும் எழுதத் தனிப் பக்கம் ஒதுக்கி, மாதாமாதம் தலைமையாசிரியர் கையெழுத்திட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பிள்ளை எதை எடுக்கிறது என்பது நூலகருக்குத் தெரியும்; எங்கே திக்குகிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். இவை இரண்டும் ஒரே தாளுக்கு வருவதே இல்லை. ஆகவே நூல் வழங்கல் பதிவேட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள்: ‘எந்தப் பக்கம் வரை?’ ஆறாம் வகுப்புப் பிள்ளை அடுத்தடுத்து மூன்று புத்தகங்களை எட்டாம் பக்கத்துக்குள் திருப்பித் தந்தால், ஆர்வமில்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஆசிரியர் அந்தப் பக்கத்தையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லட்டும். நூறு சொல்லில் ஐந்துக்குள் தடுமாறினால் தனியாக வாசிக்கும். பத்தைத் தாண்டினால் அந்த நூல் இப்போதைக்குக் கனம். இடைப்பட்டால் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

எந்தச் சொல்லில் தடுமாறுகிறது என்றும் பாருங்கள். ‘போய்க்கிட்டிருந்தப்ப’ என்று பேசும் பிள்ளை, ‘சென்றுகொண்டிருந்தபோது’ என்பதைக் கண்டதும் முதல் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு ‘சென்றான்’ என்று ஊகித்துவிட்டு நகர்ந்துவிடும். எழுத்து தெரியும், ஒட்டி நீளும் சொல்லைப் பிரித்துப் பார்க்கக் கண் பழகவில்லை. கரும்பலகையில் சென்று, கொண்டு, இருந்த, போது எனப் பிரித்தெழுதி, பிறகு சேர்த்து வாசிக்க வையுங்கள். அதே வாரம் நூலகர், உரையாடல் மிகுந்த, வாக்கியம் குறுகிய கதைகளை முன்தட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை இருப்பது இதற்கு வசதி. எட்டாம் வகுப்பு மாணவனிடம் ‘நுழை’யை நீட்டினால் கூசிப்போவான். இரண்டாம் வகுப்புக்கு வாசித்துக்காட்டும் பொறுப்பைத் தந்து, ஒத்திகைக்கென்று அதே நூலைக் கொடுங்கள், மறுக்க மாட்டான்.

அடுத்த பாடம் எது என்று இரண்டு வாரம் முன்பே ஆசிரியர் நூலகரிடம் சொல்லிவிட வேண்டும்; அப்போதுதான் அதற்கேற்ற நூல்களை அவர் தேடி வைக்க முடியும். காலையில் கேட்டால் கைக்கு எட்டியதுதான் மதியம் வரும். 35 பேருக்கு 45 நூல் வையுங்கள். கடைசிப் பிள்ளைக்கும் பொறுக்கிக்கொள்ள மிஞ்சும். எல்லா நூலுக்கும் சுருக்கம் எழுதச் சொன்னால் ஒல்லிப் புத்தகங்கள் மட்டுமே நகரும்.

நூலகர் பணியிடமே இல்லையே என்பீர்கள், நியாயம்தான். அங்கே பொறுப்பாசிரியருக்கு வாரம் ஒரு பாடவேளையாவது கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். மதிய உணவு இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஐப்பசி மழை வருவதற்குள் பீரோ மறுபடி பூட்டிக்கிடக்கும்.