கேப்டன் லட்சுமி 1945க்கு அப்புறம் என்ன செய்தார்? - ஒரு நேயர் கேள்விக்குப் பதில்

சரி, இந்த வாரம் வந்ததில் ஒரு கேள்வி இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஜான்சி ராணிப் படை பற்றிய பேச்சில், கேப்டன் லட்சுமி பர்மாவில் பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டதோடு நிறுத்திவிட்டீர்கள். அப்புறம் கல்யாணம், குழந்தைகள் என்று ஒதுங்கிவிட்டாரா?" அந்த 'ஒதுங்கிவிட்டாரா'தான் எனக்கு உறுத்தியது. அவர் மேல் தப்பில்லை, கதையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான்தானே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் 1943 அக்டோபரில் பயிற்சி முகாம் தொடங்கியது, 1945 மே மாதம் அவர் பிடிபட்டார். முழுசாக இரண்டு வருடம்கூட இல்லை. 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள், அடுத்த மார்ச்சில் லாகூரில் பிரேம் சேகலுடன் திருமணம். இந்திய தேசிய ராணுவத்தினர் மேல் பிரிட்டிஷ்காரர்கள் டெல்லி செங்கோட்டையில் நடத்திய முதல் விசாரணையில் நின்ற மூன்று அதிகாரிகளில் ஒருவர் இந்தப் பிரேம், முன்பே பேசியிருக்கிறோம். கான்பூரில் குடியேறினார்கள். நாடு பிரிந்து அகதிகள் வந்துகொண்டே இருந்த நேரம், அவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938ல் படித்து முடித்தவர், பிரசவம் பார்ப்பதில் தனியாகப் பட்டயம் வாங்கியவர். இரண்டு மகள்களை வளர்த்துக்கொண்டே அங்கே ஒரு கிளினிக்கை நடத்தினார், தொண்ணூறு வயதைத் தாண்டியும், 2006லும், காலையில் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சீருடை இரண்டு வருடம், ஸ்டெதாஸ்கோப் அறுபது வருடத்துக்கு அருகில். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

என் பெரியப்பா ஒருவர் ராணுவத்தில் இருந்தவர். பதினேழு வருடம் சர்வீஸ், நாற்பது வயதுக்குள் ஊருக்கு வந்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் "எத்தனை பேரைச் சுட்டீங்க பெரியப்பா?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்போம், அவர் வாயே திறக்க மாட்டார். ஆனால் திண்ணையில் எப்போதும் யாராவது ஒரு பாட்டி, மஞ்சள் பையில் காகிதங்களோடு உட்கார்ந்திருக்கும். கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் வராது, ஏன் என்று பார்த்தால் கணவரின் ராணுவ டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் பாப்பாத்தி என்று இருக்கும், ரேஷன் கார்டில் பாப்பம்மாள். அவ்வளவுதான் விஷயம், அதற்கே வருடக்கணக்காக அலைந்திருப்பார்கள். பெரியப்பா கண்ணாடியைத் துணியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, சர்வீஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி எழுதுவார். அப்புறம் அந்தப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு பஸ் ஏறிவிடுவார். பெரியம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். எங்களுக்கு அப்போது அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை, துப்பாக்கிக் கதைதான் வேண்டும். இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

சரி, கான்பூருக்கு வருகிறேன். 1984ல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு சீக்கியர்களைத் தேடித் தேடி அடித்தார்கள் அல்லவா, கான்பூரிலும் அது நடந்தது. லட்சுமிக்கு எழுபது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தெருவில் இறங்கிக் கும்பலை எதிர்த்து நின்றார், கிளினிக்கைச் சுற்றியிருந்த சீக்கியர்கள் மேல் கை படவிடவில்லை. அதே வருடம் டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது, மருத்துவக் குழுவோடு அங்கே போனார். அதற்கு முன்னால் 1971ல், வங்கதேச அகதிகளுக்காக மேற்கு வங்கத்தில் முகாம்களில் வைத்தியம். 2012 ஜூலையில் இறந்தபோது 97 வயது, உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுக்கச் சொல்லியிருந்தார். சகோதரி, இதற்குப் பெயர் ஒதுங்குவதா?

ஆனால் நீங்கள் இன்னொன்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்: அவரோடு நின்ற மற்ற பெண்கள் என்ன ஆனார்கள்? மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்தான் அந்தப் படையில் அதிகம். ஜானகி ஆதி நாகப்பன் மலேசியாவில் செனட்டர் வரை போனார். ராசம்மா பூபாலன் பதினாறு வயதில் அக்கா பொன்னம்மாவோடு சேர்ந்தவர், பின்னால் ஆசிரியையாகி, 1960ல் பெண் ஆசிரியர்களுக்குச் சங்கம் கட்டி, ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார். இவர்கள் பெயராவது நமக்குத் தெரிகிறது. மறுபடியும் தோட்டத்துக்கே திரும்பி, பால்மரம் சீவி, பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களை யார் எழுதி வைத்தார்கள்? உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ இருந்திருந்தால் கீழே எழுதுங்கள். படையில் என்ன செய்தார் என்பதை அப்புறம் எழுதலாம், வீடு திரும்பிய மறுநாளிலிருந்து ஆரம்பியுங்கள்.